கவுச்சோ திருவிழாவுக்குப் போவது எப்படி: விசாவிலிருந்து சக்கரேரா வரை

அர்ஜென்டினாவின் குதிரைக்காரர்களான கவுச்சோக்களை அவர்கள் ஊரிலேயே பார்க்க வேண்டும், முடிந்தால் அவர்களின் சக்கரேரா ஆட்டத்தில் நாமும் இரண்டு அடி ஆட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றுலா நிறுவனங்களிடம் கேட்டால் புவெனோஸ் ஐரஸ், இகுவாசு அருவி, பனிப்பாறை என்று ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். கவுச்சோ என்றால், மதியச் சாப்பாட்டோடு ஒரு ‘ஷோ’ காட்டி மாலையில் விடுதியில் இறக்கிவிடுவதுதான் அவர்கள் கணக்கு. சொந்தமாக ஏற்பாடு செய்து போனபோது நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். சென்னையிலிருந்து கிளம்புகிறவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா பகுதியைத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு 90 நாள் விசா இல்லாமலேயே அனுமதி.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாதம் தெரிந்தால் ஊர் தானாக அமையும்.

நவம்பர் என்றால் சான் அந்தோனியோ தெ அரேக்கோ. புவெனோஸ் ஐரஸிலிருந்து வடமேற்கே 113 கிலோமீட்டர். நவம்பர் 10 அங்கே மரபு தினம். அதை ஒட்டி ஒரு வாரம் போல ஊர் களைகட்டும். 1939 முதல் நடக்கிற விழா. முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குதிரை, பாட்டு, ஆட்டம், வெள்ளிப் பொருள் வேலைப்பாடு எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்.

ஜனவரி என்றால் கோர்தோபா மாகாணம். ஹெசூஸ் மரீயாவில் குதிரையடக்கும் போட்டியும் நாட்டுப்புற இசையும் பத்து இரவுகளுக்கு மேல் நடக்கும். மாதக் கடைசியில் கொஸ்கீனில் ஒன்பது இரவு இசை விழா. குதிரை கிடையாது, பாட்டும் ஆட்டமும் மட்டும். இடையில் லபோர்தே என்ற சின்ன ஊரில் மலாம்போ போட்டி. மலாம்போ ஆண்கள் ஆடுகிற காலடி ஆட்டம். சில நிமிடம்தான் ஆடுவார்கள். அதற்கே மூச்சு வாங்கிவிடும். அங்கே தனிநபர் பட்டம் வென்றவர் அதன்பின் போட்டிக்கே இறங்குவதில்லை. உச்சத்தைத் தொட்ட அன்றே போட்டி வாழ்க்கை முடிகிறது. ஆட்டத்தில் பித்து உள்ளவர்கள் லபோர்தேவைத் தவறவிட வேண்டாம். மற்றவர்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

பக்கத்து நாடுகளிலும் கவுச்சோ விழா உண்டு. மார்ச் என்றால் உருகுவேயின் தக்குவாரெம்போ. செப்டம்பர் என்றால் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே. 20-ஆம் தேதி வரை ஒரு வாரம் பூங்காவிலேயே கூடாரமடித்துக் கொண்டாடுவார்கள். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா விதி தனி. ஒரே பயணத்தில் மூன்று நாட்டையும் முடிக்கலாம் என்று திட்டமிட்டால் காகித வேலையே உங்களைத் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. அரேக்கோவில் பெரிய நாள் பெரும்பாலும் நவம்பர் 10-ஐ ஒட்டிய ஞாயிறு. சரியான தேதியை ஊர் நகராட்சி அறிவித்த பிறகே உறுதி. கனமழை வந்தால் மைதானம் சேறாகிவிடும், நிகழ்ச்சி தள்ளிப்போகும். அதனால் திரும்பும் விமானத்தை அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே போடாதீர்கள். முடிந்தால் அடுத்த வார இறுதியும் கையில் இருக்கும்படி பாருங்கள்.

2. விசா, ஊசி, காப்பீடு

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் தனி விசா வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் விதியைத் தளர்த்தினார்கள். இது உங்களுக்குப் பொருந்துமானால் பாதி வேலை முடிந்தது. ஆனாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறவை.

மற்றவர்களுக்கு டெல்லியில் தூதரகம், மும்பையில் துணைத் தூதரகம். உங்கள் முகவரி எதன் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலையிடத்து விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். நேர்காணலுக்கும் கூப்பிடலாம். ‘எதற்குப் போகிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பொதுவாக ‘சுற்றிப் பார்க்க’ என்பதைவிட, அரேக்கோ விழா, இன்ன தேதி, இன்ன விடுதி என்று எழுதிய ஒரு பக்கப் பயணத் திட்டம் நன்றாக எடுபடும். பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள்.

இனி வருவதுதான் பலரும் விழுகிற பள்ளம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி. ‘அர்ஜென்டினாவில் கேட்க மாட்டார்கள், போட வேண்டாம்’ என்று ஒரு பயண முகவர் எனக்கு அடித்துச் சொன்னார். அங்கே நுழைய நமக்கு அது தேவையில்லை, உண்மைதான். திரும்பி வரும்போது கேட்பது நம் நாட்டு விமான நிலையச் சுகாதார அதிகாரிகள். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் அர்ஜென்டினாவும் உண்டு, பிரேசிலும் உண்டு. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா நாளும் போட மாட்டார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கும் உண்டு என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அந்த மஞ்சள் அட்டை கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

2025-இல் குடியேற்ற விதிகளை மாற்றியபோது வெளிநாட்டவருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டார்கள். பாலிசியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரை ஏறுவதாக இருந்தால், குதிரைச் சவாரியில் ஏற்படும் காயத்துக்கும் காப்பீடு உண்டா என்று பாருங்கள். மலிவான பாலிசிகளில் அதை விலக்கியிருப்பார்கள்.

3. விமானம்

நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், அடிஸ் அபாபா, இஸ்தான்புல் என்று ஏதாவது ஒரு வழியாகத்தான் போக வேண்டும். பலவும் நடுவில் பிரேசிலிலும் நிற்கும். போய்ச் சேர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். கட்டணம் போக வர ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி, அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவோ பாவ்லோ வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என்று வாங்கினால் விலை குறையும், ஆசை காட்டும். வேண்டாம். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் பிரேசிலுக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்குப் பிரேசில் விசா வேண்டும். கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் இடையில் இறங்குவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள்.

அங்கே நேரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால். இறங்கிய அன்று இரவே ஆட்டத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே ஆட்டம் சூடு பிடிப்பதே நள்ளிரவில்தான்.

4. பணம்

நம் ரூபாயை அங்கே யாரும் தொட மாட்டார்கள். டாலர் கொண்டுபோங்கள். 100 டாலர் தாளாக, புதிதாக, மடிப்போ பேனாக் கீறலோ இல்லாமல் இருக்கட்டும். சின்னத் தாளுக்கும் அழுக்குத் தாளுக்கும் குறைந்த மாற்று விலை தருவார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். ஏடிஎம்மில் ஒரு முறைக்கு எடுக்கும் தொகை குறைவு, கட்டணம் கொள்ளை. அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்து வைத்துவிடுங்கள். விடுதிக் கட்டணத்துக்குக் கார்டுதான் லாபம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி வெளிநாட்டுக் கார்டில் கட்டினால் அறை வாடகை மீதான 21 சதவீத வரி கிடையாது. கடவுச்சீட்டைக் காட்டி நீங்கள்தான் கேட்க வேண்டும். விழா மைதானத்துக் கடைகளிலோ நேர்மாறு, ரொக்கம்தான் ஓடும்.

பெசோ விலைகளை இங்கே எழுதிப் பயனில்லை. பணவீக்கத்தில் நீங்கள் படிக்கும்போதே மாறியிருக்கும்.

5. அரேக்கோவுக்குப் போவதும் தங்குவதும்

புவெனோஸ் ஐரஸின் ரெட்டிரோ பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சாதாரண நாளில் போய் நின்று டிக்கெட் எடுக்கலாம். விழா வார இறுதியில் அது நடக்காது. போகவும் வரவும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். ஞாயிறு இரவு ஊர் முழுக்க ஒரே பேருந்தில் ஏறப் பார்க்கும். திங்கள் காலை திரும்புவதே நிம்மதி. ரெட்டிரோவில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கைபேசியைக் கையில் வைத்து நடக்காதீர்கள்.

தங்குமிடம்தான் உண்மையான தலைவலி. ஊர் சின்னது, விழாவுக்கு அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். சில விடுதிகள் அந்த வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுக்குக் குறைத்துத் தராது. ஒரு விடுதியில் முன்பணம் கட்டியும், விழா நெருங்கியதும் வாடகையை ஏற்றிக் கேட்டார்கள். அதனால் தொகையும் தேதியும் குறிப்பிட்ட எழுத்து உறுதியை வாட்ஸப்பிலாவது வாங்கி வையுங்கள். ஸ்பானிய மொழியில் எழுதினால்தான் பதில் விரைவாக வரும். மொழிபெயர்ப்புச் செயலி போதும். அரேக்கோவில் கிடைக்கவில்லை என்றால் அரேக்கோவுக்குப் போகும் எட்டாம் எண் நெடுஞ்சாலையிலேயே பிலார் ஊரில் தேடலாம்.

ஊரைச் சுற்றி லா பம்பா, எல் ஓம்பு போன்ற எஸ்தான்சியாக்கள் உண்டு; பழைய பண்ணை மாளிகைகள். விலையை டாலரில்தான் சொல்வார்கள். பகல் வருகைக்கே ஆளுக்கு 100 டாலரை ஒட்டியோ தாண்டியோ ஆகும். தங்கினால் அதைவிட வெகு அதிகம். விழாக் காலம் தவறிப்போனவர்களுக்கு அது பரவாயில்லை. விழாவுக்கே போகிறவர் அந்தக் காசைச் சேமியுங்கள்.

6. போகும் முன் ஒரே ஒரு ஆட்டம் கற்றுக்கொள்ளுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இரவில் பாட்டும் ஆட்டமும் நடக்கிற கூடுகையைப் பெஞ்ஞா என்பார்கள். அங்கே மேடைக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் எல்லாருக்கும் பொது. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே வரிசையில் ஆடுவார்கள். உங்களையும் இழுப்பார்கள். ஒரு ஆட்டமாவது தெரிந்தால் அந்த இரவு வேறு மாதிரி ஆகிவிடும்.

கற்றுக்கொள்ள வேண்டியது சக்கரேரா. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவரை ஒருவர் தொடுவதில்லை, அதனால் கூச்சமும் இல்லை. கிட்டார், வயலின், போம்போ என்ற பெரிய முரசு மூன்றும் முன்னிசையைத் தொடங்கும், கூட்டம் கைதட்டும். பாடகர் ‘அதென்த்ரோ!’ என்று கத்தியதும் இடது காலை எடுத்து வைத்து முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். அப்புறம் இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம். பிறகு இருவரும் இடம் மாறிப் பெரிய வட்டமாகச் சுற்றித் தம் இடத்துக்கே வருவார்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்து நிற்கையில் உங்கள் வலப்பக்கமாகப் போக வேண்டும். அடுத்து ஆண் காலடி தட்டுவார், பெண் பாவாடையை இரு கையால் பிடித்து அசைப்பார். மறுபடி பெரிய வட்டம், மறுபடி காலடி. ‘ஆவ்ரா!’ என்ற குரல் கேட்டால் முடியப் போகிறது என்று அர்த்தம். அரை வட்டம் போய், ஒரு சின்னச் சுற்று சுற்றி, நடுவில் துணையின் முன் வந்து நிற்க வேண்டும். இவ்வளவும் ஒரு பாதி. இசை சற்று நின்று, இதையே இன்னொரு முறை ஆடுவார்கள்.

பொறி ஒன்று உண்டு. சில பாட்டில் பெரிய வட்டத்துக்கு எட்டுத் தாள ஆவர்த்தனம், சிலதில் ஆறுதான். ஆறில் முடிக்க வேண்டியதை எட்டில் முடித்தால் நீங்கள் மட்டும் நடுத்தெருவில் நிற்பீர்கள். பக்கத்து ஜோடியைப் பார்த்துக்கொண்டே ஆடுங்கள். தாளம் ஆறு எண்ணிக்கை. அதை இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் ஒரே நேரத்தில் பிரித்து வாசிப்பார்கள். திஸ்ர நடை காதில் ஊறியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

அடுத்த ஆட்டம் ஸம்பா. கைக்குட்டையை வைத்து மெதுவாக ஆடுவது. பிரேசில் சாம்பாவோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பார்க்க எளிது, ஆடக் கடினம். முதல் பயணத்தில் உட்கார்ந்து ரசியுங்கள்.

எங்கே கற்பது? புவெனோஸ் ஐரஸில் பெஞ்ஞா தொடங்கும் முன் பல இடங்களில் வகுப்பு வைக்கிறார்கள். நகரின் மேற்கு ஓரத்தில் மத்ததேரோஸ் சந்தை பெரும்பாலும் ஞாயிறுகளில் கூடும். கோடையில் நாளும் நேரமும் மாறும். அங்கே தெருவிலேயே ஆடுவார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. அரேக்கோவுக்கு ஒரு வாரம் முன்பே புவெனோஸ் ஐரஸ் வந்துவிட்டால் ஒரு ஞாயிறு இங்கே, அடுத்த ஞாயிறு அங்கே என்று கச்சிதமாக அமையும். தோல் அடிச் செருப்போ ஷூவோ போதும். ரப்பர் அடி தரையைக் கவ்வும், முட்டி வலிக்கும்.

பெஞ்ஞாவில் யாராவது இருவர் கிட்டாரோடு உட்கார்ந்து மாறி மாறிப் பாடினால் எழுந்து போய்விடாதீர்கள். அது பயாதா. பத்து வரிச் செய்யுளை அந்த இடத்திலேயே கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவது. நம்மூர் எசப்பாட்டு மாதிரி. மொழி புரியாவிட்டாலும் பத்தாவது வரியில் கூட்டம் சிரிப்பதை வைத்து யார் மாட்டினார் என்று தெரிந்துவிடும்.

7. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்

காலையில் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிக் குதிரை அணிவகுப்பு. முன்வரிசை வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கே போய் நில்லுங்கள். பிறகு கூட்டம் பழைய பாலம் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பார்க்கே கிரியோஷோ மைதானத்துக்கு நகரும். நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் வேண்டும். இரவுக்கு ஒரு ஸ்வெட்டரும் வேண்டும்.

சொர்த்திஹா என்ற பந்தயத்தை விடாதீர்கள். வளைவில் ஒரு சின்ன வளையம் தொங்கும், விரலில் போடும் மோதிரம் அளவுதான். நாலுகால் பாய்ச்சலில் வந்து, கையிலுள்ள பேனா நீளக் குச்சியால் அதைக் கோத்தெடுக்க வேண்டும். வளைவுக்குப் பக்கவாட்டில் நின்றால் சவாரிக்காரர் சேணத்திலிருந்து எழுந்து நிற்பது தெரியும். நேரெதிரே நின்றால் தூசி மட்டும்தான்.

என் பார்வையில் அன்றைய நாளின் சிகரம் மந்தைகளின் கலப்பு. ஒரே நிறக் குதிரைகளாகச் சேர்த்த மந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய்க்குதிரை தலைமை; கழுத்தில் மணி கட்டியிருக்கும், மத்ரீனா என்பார்கள். பல மந்தைகளை ஓட்டிவந்து மைதானத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். செவலை, கருப்பு, சாம்பல் எல்லாம் ஒரே குழம்பாகச் சுழலும். பிறகு ஒவ்வொரு கவுச்சோவும் தன் மத்ரீனாவை மட்டும் ஒரு மூலைக்கு நடத்திப்போவார். கொஞ்ச நேரத்தில் அந்தந்த மணிச் சத்தத்தைத் தேடி அந்தந்தக் குதிரை பிரிந்து வந்து சேர்ந்துவிடும். சாட்டையில்லை, அதட்டல் அதிகமில்லை. காது கொடுத்துக் கேட்டால் ஒவ்வொரு மணிக்கும் சுருதி வேறு என்பது தெரியும்.

குதிரையடக்கும் போட்டிக்கு ஹினெத்தேயாதா என்று பெயர். கம்பத்தில் கட்டிய முரட்டுக் குதிரையை அவிழ்த்துவிட, பிரிவைப் பொறுத்து எட்டிலிருந்து பதினைந்து விநாடிவரை விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். மணி அடித்ததும் இரு பக்கமும் துணைச் சவாரிகள் வந்து ஆளைத் தூக்கிக்கொள்வார்கள். சில சமயம் குதிரைக்கோ ஆளுக்கோ அடிபடும். எனக்கு அது முழுக்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

8. மாத்தேவும் சாப்பாடும்

மாத்தே என்பது குழலால் உறிஞ்சிக் குடிக்கும் ஒரு இலைப் பானம். யாராவது அதைச் சுரைக்குடுவையில் நீட்டினால் அது மரியாதை. குழலைக் கிண்டாதீர்கள். அதை ஆட்டினால் இலை அடைத்துக்கொள்ளும், ஊற்றுகிறவர் முகம் சுருங்கும். முழுவதையும் குடித்து, யார் தந்தாரோ அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ‘கிராசியாஸ்’ என்று இப்போது சொல்லக் கூடாது; சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள், அடுத்த சுற்றில் உங்களைத் தாண்டிப் போய்விடும். எல்லாருக்கும் ஒரே குழல்தான். அது ஒத்துவராது என்றால் முதலிலேயே சிரித்தபடி மறுத்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

அசைவர்களுக்குக் கவலையே இல்லை, தோலோடு சேர்த்து நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி வரை கிடைக்கும். சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழியும் பன்றியிறைச்சித் துண்டும் வந்து நிற்கும். மாடு, கோழி, பன்றி, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். சோளம் வைத்த எம்பனாதா (நம் சோமாசி மாதிரி), தணலில் சுட்ட ப்ரோவோலெத்தா பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, சாலட் இவற்றில் வயிறு நிரப்பலாம். ஆனால் எம்பனாதா மாவில் பல இடங்களில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பார்கள். கடுமையான சைவர்கள் ‘கிராசா’ உண்டா என்று கேட்டே வாங்குங்கள். அந்த இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் அவலும் ஊறுகாயும் பெட்டியில் இருந்தால் நல்லது.

9. கத்தி வாங்கும் முன்

அரேக்கோவின் வெள்ளித் தட்டார்கள் பேர்போனவர்கள். நாணயங்கள் கோத்த இடுப்புப் பட்டை, மாத்தேக் குடுவை, வெள்ளிப் பிடி போட்ட கத்தி எல்லாம் பார்த்தாலே வாங்கத் தோன்றும். கவுச்சோ முதுகுப் பக்கம் செருகுகிற நீளக் கத்தி ஃபக்கோன். இந்திய ஆயுத விதிப்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் உரிமம் வேண்டும். ஃபக்கோன் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். வெரிஹேரோ என்ற சின்னக் கத்தியைக் கேளுங்கள், சாப்பாட்டுக்கு அவர்கள் தினம் பயன்படுத்துவதும் அதுதான். கடைக்காரரிடம் அலகை அளந்து காட்டச் சொல்லி, அளவும் வெள்ளியின் எடையும் எழுதிய ரசீது வாங்கி, உறையோடு சரக்குப் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் புவெனோஸ் ஐரஸின் எசெய்ஸா விமான நிலையத்திலேயே பறிமுதல்.